இரண்டாவது தீனி

அண்ணன் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தான். தொண்ணூறுகளின் பின்பாதியில் கப்பல்களுக்குச் செயற்கைக்கோள் கருவிகள் வந்தபோது அந்த உத்தியோகமே இல்லாமல் போனது. ஆள் குறைப்பு என்றால்கூட மனசு ஆறும்; அடுத்த கப்பலில் பார்க்கலாம். இது அப்படி இல்லை. எந்தக் கப்பலிலும் இனி அந்த நாற்காலி கிடையாது என்றார்கள். பதினாறு வருஷம் தந்திச் செய்தியைக் கேட்டும் தட்டியும், காதையும் விரலையும் வைத்துப் பிழைத்தவன் முப்பத்தொன்பது வயதில் இரண்டு பெட்டிகளோடு பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்து இறங்கினான். ஒரு பெட்டியில் துணி. இன்னொன்றில் சிங்கப்பூரில் வாங்கிய குட்டி மோட்டார்கள், நீலமாக எரியும் குழல்விளக்குகள், தண்ணீரிலிருந்து அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஒரு கண்ணாடிக் குழாய்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்பா போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. நான் பெண்கள் கல்லூரி ஒன்றில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி ஊரார் வாயையும் அடைத்திருந்தேன். எதற்கும் காரணம் தெரிந்தாக வேண்டும் எனக்கு. தெரிந்ததை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. அது நல்ல குணம் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

வந்த முதல் மூன்று மாதம் அண்ணன் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வருவான், தட்டின் முன்னால் உட்காருவான், இரண்டு வாய் பிசைவான், அப்படியே கையைக் கழுவிவிட்டுப் போய்விடுவான். டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு இன்னும் அதிகமாகத் தூங்கினான். முன்பெல்லாம் நன்றாகச் சாப்பிட்டு, மோர் சாதத்துக்கு மூன்றாம் முறை கை நீட்டியவன் என்பதால் அம்மாவுக்கு அது தாங்கவில்லை. அவன் சாப்பிடுகிறானா இல்லையா என்பதைத் தவிர உலகத்தில் வேறு எந்தச் சேதியும் அவளுக்குச் சேதியாகப்படவில்லை.

பிறகு ஒருநாள் காலையில் எழுந்து அந்த இரண்டாவது பெட்டியைத் திறந்தான். அப்பாவின் பழைய அறையில் நாலடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வந்தது. வேன் பிடித்துப் புன்னக்காயல் போய்க் கேன் கேனாகக் கடல்தண்ணீர் கொண்டுவந்தான். ஆறு கடலில் சேருகிற இடத்தில் மொண்டால் உப்புக் குறைந்திருக்கும். படகில் வெகுதூரம் உள்ளே போய்த்தான் மொள்ளவேண்டும்; அதற்கென்று ஒரு படகுக்காரரைப் பிடித்துவைத்திருந்தான். வலையில் சிக்கி வரும் கற்களை அங்கே யாரும் சீந்துவதில்லை. அவற்றைப் பொறுக்கி வந்தான். தண்ணீரில் போட்ட ஒரு வாரத்தில் அந்தக் கற்களில் இருந்து சின்னச் சின்ன விரல்கள் நீண்டன, பொத்தான் அளவுக்குப் பூக்கள் விரிந்தன. அவை பூவில்லை, வாயுள்ள பிராணிகள் என்று அம்மாவிடம் விளக்கினேன். கடைசியாகப் படகுக்காரர் மூலம் ஒரு கடல் சாமந்தி வந்தது. அதன் மடியிலேயே கிடக்கும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள் இரண்டும் வந்தன.

இவ்வளவும் சரி, அவற்றுக்கு என்ன தின்னக் கொடுப்பது என்று வந்தபோதுதான் வீட்டில் கலவரம். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக முட்டைகூட நுழைந்ததில்லை. இறாலும் கணவாயும் மட்டிச் சதையும் வேண்டும் என்றான் அண்ணன். நைசாக நறுக்கி, பாலிதீன் பையில் தகடாகத் தட்டி, உறையவைத்துத் தினமும் கொஞ்சம் ஒடித்துப் போடவேண்டும்.

"என் பிரிட்ஜுல வச்சா நான் இந்த வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன், கேட்டுக்கோ" என்றாள் அம்மா.

பழைய சின்னப் பிரிட்ஜ் ஒன்றை வாங்கிப் புறவாசல் வராந்தாவில் வைத்தான். அம்மா அதற்கு அசைவப் பெட்டி என்று பேர் வைத்தாள். துணி காயப்போடப் போகும்போதுகூட அதைச் சுற்றிக்கொண்டு போவாள். அவள் சேலை முந்தானை அதில் பட்டு நான் பார்த்ததில்லை.

தீனி போடுவதில் அண்ணன் கப்பல்காரன். காலை பத்து மணி, ஒரே ஒரு தடவை. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டை ஒடிப்பான். தொட்டித் தண்ணீரையே கொஞ்சம் ஒரு தம்ளரில் மொண்டு அதில் உருகவிடுவான். உருகியதும் டீ வடிகட்டியில் ஊற்றுவான். இளஞ்சிவப்பாக இறங்கும் சாற்றைப் புறவாசலில் கொட்டிவிட்டு, வடிகட்டியில் தங்கிய சதையை மட்டும் இன்னொரு தடவை அலசுவான். மோட்டாரை நிறுத்துவான். இடுக்கியால் ஒவ்வொரு துணுக்காக எடுத்துச் சாமந்தியின் வாயருகே வைப்பான், மீன்களுக்கு ஆளுக்கு நாலு. ஐந்து நிமிஷத்தில் தின்னாமல் விழுந்தது எதுவோ அதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுவான். பிறகு நோட்டில் எழுதுவான்: மணி, அளவு, யார் தின்றார்கள், யார் தின்னவில்லை.

"அந்தச் சாறுதான் எமன், ஏளா" என்பான் என்னிடம். "உள்ள விட்டா ரெண்டே வாரத்துல பாசி ஏறிரும். கல்லுல உள்ளது பூரா மூச்சுமுட்டிச் செத்துரும்."

மீன்கள் நன்றாகத் தின்ற அன்று அவனும் சாப்பிட வருவான். "தின்னுச்சு யம்மா" என்று சொல்லிக்கொண்டே உட்காருவான். நாலு இட்லி போகும். சாமந்தி சுருங்கிக் கிடந்தால் அன்றைக்கு அவன் கட்டிலுக்குப் போய்விடுவான். இதை நான் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அந்த ஆடி மாதம் பாசி வந்தது. முதலில் கண்ணாடியில் பச்சைத் தூசி மாதிரி. துடைத்தால் மறுநாள் மறுபடியும். பிறகு கற்களின்மேல் முடி முடியாக வளர்ந்து, விரிந்திருந்த பொத்தான் பூக்களை மூடிற்று. அண்ணன் பல்துலக்கும் பிரஷ் வைத்துக் கல் கல்லாகத் தேய்த்தான். நான்கே நாளில் தேய்த்த இடம் தெரியாது. சாமந்தி பாதி நேரம் சுருங்கியே கிடந்தது. அண்ணனின் சாப்பாடு மறுபடி இரண்டு வாய்க்கு வந்து நின்றது.

எனக்குக் காரணம் வேண்டியிருந்தது. ஜன்னல் வெயில் என்று சொல்லிக் கறுப்புத் தாள் ஒட்டினேன். பாசி குறையவில்லை. கார் சாகுபடிக்கு அணை திறந்திருக்கிறார்கள், வயலுக்குப் போட்ட யூரியாவெல்லாம் தாமிரபரணியில் கரைந்து புன்னக்காயலுக்குத்தானே வருகிறது, அந்தத் தண்ணீரைத்தான் படகுக்காரர் சோம்பல்பட்டுக் கரையிலேயே மொண்டு கொடுக்கிறார் என்றேன். அண்ணனைக் கூட்டிக்கொண்டு நானே போய் அவரிடம் சத்தம் போட்டேன். அந்த மனிதர் கோபப்படவில்லை.

"டீச்சர், நீங்களே ஏறி உக்காருங்க. ஒங்க கண்ணு முன்னாடியே மொண்டு தாரேன்" என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். படகு ஆட்டிய ஆட்டத்தில், திரும்பும் வழியில் ஏரல் வரும்வரை வேனில் வாந்தி எடுத்தேன். வந்த தண்ணீரைக் கல்லூரி லேபில் சோதித்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. தொட்டித் தண்ணீரைச் சோதித்தேன். பாசிக்குச் சோறு போடுகிற பாஸ்பேட் இருந்தால் தண்ணீர் நீலமாகும். குழாயில் நீலம் ஏறிற்று. கடைசியாக, இறால் உருகிய சாற்றில் ஒரு சொட்டு. மசி போலக் கறுத்தது.

வீட்டுக்கு வந்து அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "நீ ஒழுங்கா அலசல."

"அலசுதேன்."

"அப்போ ரெண்டு தடவ போடுத."

"ஒரு தடவதான் போடுதேன். நோட்டப் பாரு."

நோட்டில் ஒரு தடவைதான் இருந்தது. நான் விடவில்லை. உறைந்த தகட்டைத் தராசில் நிறுத்துக் குறித்துவைத்தேன். ஒரு வாரம் கழித்து மறுபடி நிறுத்தேன். நோட்டின் கணக்குப்படி குறையவேண்டியதைப்போல இரண்டு மடங்கு குறைந்திருந்தது. வெற்றி பெற்ற மாதிரி அதை அவன் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். மாத்திரை மயக்கத்தில் போட்டதை மறந்துவிட்டு மறுபடி போடுகிறான் என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

அவன் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். விளிம்பில் ஒடித்த இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினான்.

"அப்போ நான்தான் போடுதேன் போல" என்றான் பைய. "போட்டது எனக்கே தெரியல. நடுக்கடல்ல கப்பல் முங்குதுன்னு சொல்லுத செய்தியக்கூட ஒரு எழுத்து விடாம எடுத்தவன் நான். இப்போ கை செய்யுதது மூளைக்குத் தெரியல, ஏளா."

அன்றையிலிருந்து அவன் தன்னையே வேவு பார்க்க ஆரம்பித்தான். கதவைத் திறந்ததை எழுதுவான், தண்ணீர் குடித்ததை எழுதுவான், எழுதியதை மறுபடி படித்துப் பார்ப்பான். ஒருநாள் என்னிடம் வந்து, புத்தி பேதலித்துக் கோட்டி பிடித்தவர்களைச் சேர்க்கும் ஆஸ்பத்திரி மதுரையில் நல்லதா, நாகர்கோவிலில் நல்லதா என்று சாதாரணமாக விசாரித்தான். சாப்பாடு அடியோடு நின்றுபோனது அந்த வாரத்தில்தான்.

அம்மா இதற்கெல்லாம் வாயே திறக்கவில்லை. அவளும் மெலிந்துகொண்டு வந்தாள். பிற்பகலிலும் ஒரு தடவை தலைக்குக் குளிக்கிற புதுப் பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. ஆடிக் காற்றில் என்ன வேக்காடு என்று கேட்டதற்கு, "வயசானா அப்படித்தான்" என்றாள். விட்டுவிட்டேன். விலங்கியல் படித்தவளுக்கு வீட்டுக்குள் இருக்கும் பிராணி மட்டும் கண்ணில் படவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை கல்லூரியில் பிற்பகல் வகுப்பு இல்லை. மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணன் மாத்திரைத் தூக்கத்தில் இருந்தான். அப்பாவின் அறையில் நீல வெளிச்சம். தொட்டிக்கு முன்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். சேலையை முழங்கால் அளவுக்குத் தூக்கிச் செருகியிருந்தாள். இடது கையில் ஒரு சிரட்டை. சமையல்கட்டில் துருவி முடித்துத் தூரப்போடும் தேங்காய்ச் சிரட்டை. அதில் இறால் துண்டு உருகிக்கொண்டிருந்தது. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வலது கையின் வெறும் விரல்களால் அதைப் பிசைந்தாள். அமாவாசைக்கு அமாவாசை விரதம் இருக்கிற விரல்கள். பிறகு சிரட்டையைக் கவிழ்த்துச் சாறும் சதையுமாக மொத்தத்தையும் தண்ணீரில் ஊற்றினாள்.

"இன்னும் கொஞ்சம் தின்னுங்கய்யா" என்றாள் மீன்களைப் பார்த்து. விருந்தாளி போதும் போதும் என்று இலையை மறைத்தாலும் கையை விலக்கிப் பரிமாறுகிறவள் அவள்.

"யம்மா" என்றேன்.

சிரட்டை கீழே விழுந்தது. என்னைத் தள்ளிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். அங்கேயே குத்தவைத்து வாந்தி எடுத்தாள். இரண்டு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்ட பிறகுதான் பேச வந்தது.

"எத்தன நாளா நடக்கு?" என்றேன்.

"ஆனி மாசத்துல இருந்து." ஈரத்தோடு நடுங்கிக்கொண்டே சொன்னாள். "ஒருநா அவன் எந்திரிக்காமலே கெடந்துட்டான். அதுக பட்டினி. மறுநா அந்தப் பூவு சுருங்கிட்டுன்னு அவனும் பட்டினி. ரெண்டு நாளு. இதுக தின்னாத்தான அவன் திங்கான்? அதான், அவன் மறந்தாலும் இதுக வயிறு காயக் கூடாதுன்னு."

"மறக்காம போட்ட அன்னைக்கும் எதுக்குப் போட்ட?"

"அவன் போடுதது நகத்தளவு. அதுல யாருக்கு வயிறு நெறையும்? சத்தையெல்லாம் வடிகட்டிக் கீழ ஊத்திட்டு வெறும் சக்கையப் போடுதான்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் சமையல்கட்டில் அரிசி களைந்த தண்ணீர் கீழே போகாது. முதல் தண்ணீரைக் கொட்டினாலும் இரண்டாவதைப் பிடித்துவைத்துக் குழம்பில் சேர்ப்பாள். கழுவிய தண்ணீரில்தான் சத்து என்பது அவளுக்குப் பிறவிப் பாடம். இறாலுக்கும் அதையே செய்திருக்கிறாள்.

"அந்தச் சத்துதான் பாசியாச் செழிக்கி, யம்மா. ஒன்னாலதான் அது பூராவும் சாவுது" என்றேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவன்ட்ட மட்டும் சொல்லிராத. இனிமே போட மாட்டேன். அந்தப் பக்கமே போக மாட்டேன்" என்றாள்.

சரி என்று தலையாட்டினேன்.

அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். அவன் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவேண்டாமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்த நியாயம் பொய்யில்லை. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருந்தது. இரண்டு மாதமாகத் தேடிய காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற திமிர். அதை உள்ளே வைத்துக்கொண்டு என்னால் ஒரு ராத்திரி இருக்க முடியவில்லை.

"ஒனக்கு ஒண்ணும் இல்ல அண்ணே. நோட்டு சரி. நீ போட்டது ஒரு தடவதான்" என்று ஆரம்பித்து, சிரட்டை வரைக்கும் சொன்னேன். அவன் முகம் தெளியும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

எழுந்து சமையல்கட்டுக்குப் போனான். அம்மா அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டிருந்தாள்.

"இறாலக் கையால தொட்டியா யம்மா?"

அம்மா என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

"தொட்டேன்."

"குமட்டலையா ஒனக்கு?"

"குமட்டத்தான் செஞ்சுது. நீ தட்ட வச்சிக்கிட்டு ரெண்டு வாயில எந்திரிச்சுப் போறதப் பாக்கதுக்கு இது தேவலன்னு இருந்துச்சு, ஐயா."

அவன் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழுவான் என்று நினைத்தேன், அழவில்லை. திரும்பும்போது என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னான்: "எனக்குக் கோட்டி பிடிச்சிருந்தாலே நல்லா இருந்திருக்கும், ஏளா."

மறுநாளே வேன் வந்தது. எவ்வளவோ சொன்னேன். காரணம் தெரிந்துவிட்டது, இனி அலசிப் போட்டால் ஒரு மாதத்தில் பாசி இறங்கிவிடும், பாதித் தண்ணீரை மாற்றினால் போதும், சாமந்தி பிழைத்துக்கொள்ளும் என்றேன். எல்லாம் சரியான யோசனைகள்தான். அவன் வாளிகளை எடுத்துவைத்துக்கொண்டே இருந்தான். மீன்களையும் சாமந்தியையும் கற்களையும் புன்னக்காயலில் கொண்டுபோய்ப் படகுக்காரரிடம் கொடுத்து, எடுத்த இடத்திலேயே விடச் சொல்லிவிட்டு வந்தான். தொட்டியையும் புறவாசல் பிரிட்ஜையும் வந்த விலைக்குக் கொடுத்தான். அந்த இடத்தை அம்மா மஞ்சள்தண்ணீர் தெளித்துக் கழுவினாள்.

அன்று இரவு அவன் சாப்பிட வந்தான். ஏழு தோசை சாப்பிட்டான். மறுநாளும் சாப்பிட்டான். அதற்குப் பிறகு ஒரு வேளைகூடத் தட்டிலிருந்து பாதியில் எழுந்தது கிடையாது. போட்டதையெல்லாம் தின்றான், இன்னும் கேட்டான். அம்மாவின் முகத்தில் ரத்தம் ஊறியது. பக்கத்து வீடுகளில் எல்லாம், பிள்ளை தேறிவிட்டான், பழையபடி ஆகிவிட்டான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். நானும் நம்பத்தான் பார்த்தேன்.

ஐப்பசியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அம்மா அம்பாசமுத்திரம் போனாள். இரண்டு நாள். முதல் நாள் காலையில் இட்லி வைத்துக் கூப்பிட்டேன். "பொறவு" என்றான். மத்தியானம் கூப்பிட்டேன். ராத்திரி கூப்பிட்டேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். இரண்டாம் நாள் தட்டைக் கட்டிலுக்கே கொண்டுபோய் வைத்தேன். சோறு காய்ந்து விறைத்துக் கிடந்தது. கெஞ்சினேன், சத்தம் போட்டேன். தண்ணீர் மட்டும் குடித்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அம்மா டிரைவரிடம் பேசுகிற சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்தான். வேட்டியை இறுக்கிக் கட்டினான், முகத்தைக் கழுவினான், வந்து உட்கார்ந்து தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். நான் சோறு போட்டேன். அவசர அவசரமாகப் பிசைந்தான். அம்மா உள்ளே வரும்போது அவன் வாய் நிறையச் சோறு இருந்தது.

அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு நாளும் ஒழுங்காச் சாப்பிட்டானா, ஏளா?"

அண்ணன் தலை நிமிரவில்லை. அடுத்த வாயை உருட்டிக்கொண்டிருந்தான்.

"ஒழுங்காச் சாப்பிட்டான் யம்மா" என்றேன்.